பன்னிரண்டாவது நிமிஷம்

விவாதம் நாற்பது விநாடியில் முடிந்துபோனதை வாத்தியாரால் நம்ப முடியவில்லை.

பதினைந்து நிமிடம் நடக்க வேண்டிய விவாதம் அது. 'ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா?' என்று பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டு, நான்கு நாற்காலிகளையும் வட்டமாக இழுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். பஸ் டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திறந்திருக்க வேண்டும் என்றார்.

"ஐ அக்ரீ" என்றாள் நர்ஸ்.

"ஐ அக்ரீ டூ" என்றார் டெய்லர்.

மாமியார் மட்டும் மோட்டுவளையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். வாத்தியாருக்கு நம்பிக்கை பிறந்தது.

"ஐ ஆல்ஸோ அக்ரீ" என்றார் மாமியார். "சார், நேரம் நிறைய மிச்சமிருக்கே. வேற ஏதாவது எழுதிப் போடுங்க. அதுக்கும் ஒத்துக்கறோம்."

வேலை முடிந்து வருகிறவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு அது. நான்கே நான்கு பேர். டிரைவருக்கு விமான நிலைய பஸ்ஸை ஓட்ட ஆசை. அதற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். நர்ஸுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் நேர்முகத் தேர்வு வரப்போகிறது. டெய்லரின் கடைக்கு எதிரே ஒரு ஓட்டல். அங்கே தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் எது சொன்னாலும் 'எஸ்' என்று தலையாட்டி, இரண்டு கோட்டுகளைக் கால்சட்டையாக வெட்டிவிட்டவர் அவர். மாமியார் மாமியாராகவே வந்தவர். மகன் வேறு பாஷைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான பாஷை ஆங்கிலம் மட்டும்தான்.

"மருமகளோட சண்டை போடறதுக்காம்மா இங்கிலீஷ்?" என்று முதல் நாளே டிரைவர் கேட்டார்.

"சண்டை போட பாஷை எதுக்கு தம்பி? பேசறதுக்குத்தான் வேணும்" என்றார் மாமியார்.

மாதக் கடைசியில் தேர்வு. தேர்வாளர் ஒரு அட்டையைக் கொடுப்பார். அதில் உள்ள விஷயத்தைப் பற்றி நான்கு பேரும் ஆளுக்கொரு கருத்துச் சொல்ல வேண்டும். மறுக்க வேண்டும். மறுப்புக்கு மறுப்புச் சொல்ல வேண்டும். மணி அடிப்பதற்குள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். போன வருஷத்து முதல் குழு ஒரு நிமிடத்தில் ஒத்துப்போய், 'விவாதமே நடக்கவில்லை' என்று தோற்றது. இரண்டாவது குழு முடிவே எடுக்காமல் தோற்றது. அவர்கள் தேர்வு முடிந்தும் தெருமுனை வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள்.

"மூணாவது தடவையும் இப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று பயிற்சி நிலையத்தின் நிர்வாகி அம்மா சொல்லிவிட்டார். "சாயங்கால நேரத்தையும் கீபோர்டு மாஸ்டருக்கே கொடுத்துடுவேன்."

கீபோர்டு மாஸ்டர் பகலில் அதே அறையில் இசை வகுப்பு எடுக்கிறவர். மாலையும் கிடைக்கப்போகிறது என்று காதில் விழுந்ததுமே அறையை அளக்க வந்துவிட்டார். கையில் டேப் இல்லை. டெய்லரிடம் கேட்டார். டெய்லர் டேப்பைக் கொடுத்ததோடு நில்லாமல், தானே மண்டியிட்டு மூலை முடுக்கெல்லாம் அளந்து, கணக்கையும் எழுதிக் கொடுத்தார். யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாத மனிதர்.

இந்த நான்கு பேரை வைத்துக்கொண்டுதான் வாத்தியார் விவாதம் நடத்த வேண்டும்.

மறுநாள் வாத்தியார் தானே கட்சி பிரித்தார். டிரைவரும் நர்ஸும் கடை திறக்கிற கட்சி. டெய்லரும் மாமியாரும் மூடுகிற கட்சி.

"எனக்கும் திறந்திருக்கணும்னுதான் சார் தோணுது" என்றார் டெய்லர்.

"தோணாட்டியும் மூடணும்னு சொல்லுங்க."

டெய்லர் எழுந்து நின்றார். டிரைவரைப் பார்த்து முதலில், "ஸாரி பிரதர்" என்றார். பிறகு, கடைகளை மூட வேண்டும் என்றார். பிறகு மறுபடியும் ஸாரி சொன்னார்.

"அதனால என்னண்ணே? நீங்க இவ்வளவு சொல்றப்போ மூடிடலாம்" என்றார் டிரைவர்.

மற்ற இருவரும் 'ஐ அக்ரீ' சொல்லி முடித்தபோது முப்பது விநாடி ஆகியிருந்தது.

வீட்டில் போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார் வாத்தியார்.

"இதுல என்ன கஷ்டம்?" என்றாள் மனைவி. "நான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசறீங்களே, அதை அப்படியே அங்க சொல்லிக்கொடுங்க."

"நான் எப்ப உன்னை மறுத்துப் பேசினேன்?"

"இதோ, இப்ப."

வாத்தியார் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

அடுத்த நாள் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். பாடப் புத்தகத்தை மூடி வைத்தார். "உங்க எல்லாருக்கும் நல்ல மனசு. அதுதான் பிரச்சினை" என்று தமிழிலேயே ஆரம்பித்தார். "நீங்க சண்டை போடலைன்னா நீங்களும் பாஸ் ஆக மாட்டீங்க. எனக்கும் வேலை போயிடும். இந்த வயசுல வேற எங்க போய் நான் வேலை தேடுவேன்?" பிறகு திரும்பிப் பலகையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாசலில் சாவிக் கொத்தோடு நின்ற வாட்ச்மேன் மட்டும் 'ச்சொ' என்றார்.

அதற்கு மறுநாள் அதிசயம் நடந்தது.

'பிள்ளைகள் கையில் கைபேசி கொடுக்கலாமா?' என்று எழுதிவிட்டு வாத்தியார் திரும்பினார். திரும்புவதற்குள் டிரைவர் மேஜையை ஓங்கித் தட்டினார். கொடுக்கவே கூடாது என்றார். நர்ஸ், "ஐ டோட்டலி டிஸ்அக்ரீ!" என்று எழுந்தேவிட்டாள். டெய்லர் குறுக்கே புகுந்து கொடுக்கலாம் என்றார். மாமியார் அவர் பக்கம் திரும்பினார். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். படிக்கிற நமக்கு வசதியாக இங்கே தமிழில் இருக்கிறது.

"பிள்ளை வளர்ப்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளின் இடுப்பளவு!"

வாத்தியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுவரை அவர் கேட்டதிலேயே இனிமையான வாக்கியம் அதுதான். பதினைந்து நிமிடமும் அனல் பறந்தது. வகுப்பு முடிந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது வாட்ச்மேன் பக்கத்தில் வந்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். இந்த ரூமைப் பூட்டறதுல..."

"நாளைக்குப் பேசலாம் வாட்ச்மேன். இன்னிக்கு நான் சந்தோஷமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் வாத்தியார்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள் நீடித்தது. நான்காவது நாள்தான் அவருக்கு உறைத்தது: ஆரம்பித்த சண்டை எதுவும் முடியவில்லை. பதினைந்து நிமிடம் அரை மணியானது, முக்கால் மணியானது. மழைக்குக் குடை நல்லதா, ரெயின்கோட் நல்லதா என்ற அற்ப விஷயத்தில்கூட முடிவு வரவில்லை. ரெயின்கோட் தைத்துப் பிழைக்கிறவர்கள் ரெயின்கோட்டைத்தான் புகழ்வார்கள் என்று நர்ஸ் சொல்ல, டெய்லர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார். டிரைவர் எதிர் மூலைக்குப் போனார். வட்டமாக உட்கார வேண்டிய வகுப்பு, கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல ஆயிற்று. வகுப்பு முடிந்தால் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்காமல், ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள்.

மரியாதையாக மறுக்கக் கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று வாத்தியார் நினைத்தார். 'உங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனாலும்' என்பதுபோல எட்டு வாக்கியங்களை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்.

மறுநாள் டிரைவர் டெய்லரைப் பார்த்து, "மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் சொல்வது சுத்த அபத்தம்" என்றார்.

"உங்கள் மரியாதைக்கு நன்றி. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் டெய்லர்.

போன வாரம் வரை 'ஸாரி பிரதர்' தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாத டெய்லர்! வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. யாரும் யாருடைய பேச்சையும் குறுக்கே வெட்டவுமில்லை. சண்டை முறைவைத்து, வரிசை மாறாமல் நடந்தது. அதையெல்லாம் கவனித்துப் பாராட்டுகிற நிலைமையில் வாத்தியார் இல்லை.

சமாதானத்துக்கு ஒருநாள் டீயும் பிஸ்கட்டும் வாங்கிவந்து நடுவில் வைத்தார். பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிடுவது சரியா தவறா என்று ஒரு மணி நேரம் போனது. டீ ஆறியது. பிஸ்கட்டை வாட்ச்மேன் எடுத்துக்கொண்டார்.

"சார், அந்தப் பூட்டற விஷயம்..." என்றார், வாயில் பிஸ்கட்டோடு.

"இப்ப என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்றார் வாத்தியார்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. வாத்தியார் வீட்டுக்குப் போய் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் சரிந்தார்.

"மொதல்ல சண்டையே போடலைன்னு அழுதீங்க. இப்ப சண்டை நிக்கலைன்னு அழறீங்க" என்றாள் மனைவி. "எந்தச் சண்டையும் தானா முடியாது. யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும். இந்த வீட்டுல நான் விட்டுக்கொடுக்கலையா?"

"நீயா? நான்தான் இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்த வாத்தியார் பாதியில் நின்றார். மூளையில் பளிச்சென்று ஏதோ எரிந்தது. "சரி. நீதான்."

மனைவி பயந்துபோய் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக டெய்லர் கடைக்குப் போனார். நால்வரில் இளகிய மனசு அவருக்குத்தான். டெய்லர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பின்னால் கம்பியில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கியது. 'சிஸ்டர் - இண்டர்வியூ - அவசரம்' என்று அதில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் தொழில் என்று வந்தால் தொழில்தான் என்று வாத்தியார் மனிதரை மெச்சிக்கொண்டார்.

"நாளன்னைக்கு நீங்க நல்லா வாதாடுங்க" என்றார். "ஆனா கடிகாரத்துல பன்னிரண்டாவது நிமிஷம் வந்ததும், மனசு மாறிட்டேன்னு சொல்லி எதிர்க்கட்சிக்குப் போயிடணும். தேர்வாளருக்குத் தெரியக் கூடாது. எனக்காக."

"உங்களுக்காகன்னா சரி சார். வாக்கு கொடுத்தா கொடுத்ததுதான்."

நிம்மதியாக எழுந்த வாத்தியாரின் கண், சுவரில் இருந்த கடிகாரத்தில் விழுந்தது. அது நின்றுபோயிருந்தது. டெய்லரின் கையிலும் கடிகாரம் இல்லை. பன்னிரண்டாவது நிமிடத்தை இந்த மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

எதற்கும் இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸ் என்றால் கடிகாரத்தைப் பார்த்தே வாழ்கிறவள். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில், சிவப்பு மூடி போட்ட டப்பாவிலிருந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "கண்டிப்பா சார். பன்னிரண்டு நிமிஷம்னா பன்னிரண்டு நிமிஷம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் எங்கோ மணி அடித்தது. டப்பாவை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். தேர்வன்று பன்னிரண்டாவது நிமிடத்தில் இவளை யாராவது கூப்பிட்டுவிட்டால்?

எதற்கும் இருக்கட்டும் என்று பஸ் நிலையத்துக்குப் போனார். டிரைவர் சீட்டிலிருந்து குதித்து இறங்கிக் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் சொல்லி நான் மறுப்பேனா?" என்றார். அதெல்லாம் சரி, இப்போது இருபது நிமிடம் தாமதமாக வந்து நின்ற பஸ்ஸை ஓட்டிவந்தவரும் அவர்தானே என்று வாத்தியாருக்குப் பட்டது.

எதற்கும் இருக்கட்டும் என்று மாமியார் வீட்டுக் கதவையும் தட்டினார்.

"விட்டுக்கொடுக்கறது எனக்குப் புதுசா சார்? தினமும் நடக்கறதுதானே" என்றார் மாமியார். உள்ளே மருமகள் ஆங்கிலத்தில் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. சமையலறை மேடையில் சிவப்பு மூடி டப்பாக்கள் மூன்று அடுக்கியிருந்தன. எல்லோரும் ஒரே கடையில்தான் வாங்குவார்கள்போல என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் படுத்ததும் தூங்கிப்போனார். நான்கு பேரில் யாராவது ஒருவர் கட்டாயம் சொன்னபடி நடப்பார். நான்கு பேருமே சொன்ன சொல் தவறாதவர்களாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

தேர்வாளர் தடித்த கண்ணாடி போட்ட மனிதர். நூறு வகுப்புகளில் நூறு 'ஐ அக்ரீ' கேட்டுக் களைத்த முகம். மேஜையில் ஒரு சிறிய மணியையும், நால்வருக்கும் தெரிகிற மாதிரி தன் கடிகாரத்தையும் வைத்தார். வாத்தியார் உள்ளே இருக்கக் கூடாது. கதவில் இருந்த கண்ணாடிச் சதுரத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெளியே நின்றார். ஒரு பக்கம் நிர்வாகி அம்மா. இன்னொரு பக்கம் அளவு எழுதிய காகிதத்தோடு கீபோர்டு மாஸ்டர்.

அட்டையை டிரைவர் வாசித்தார். 'ஊரின் நடுவே ஒரு காலி இடம். பூங்கா அமைக்கலாமா, வண்டிகள் நிறுத்த விடலாமா?'

டிரைவரும் டெய்லரும் வண்டிக் கட்சி. நர்ஸும் மாமியாரும் பூங்காக் கட்சி. நிறுத்த இடமில்லாமல் வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, நாளைக்கு ஒரு ஆம்புலன்ஸ்கூடப் போக முடியாது என்றார் டிரைவர். ஆபரேஷன் முடிந்த நோயாளி நாலடி நடக்க ஊரில் நிழல் இல்லை, நடைபாதையில் நடந்தால் கால் முறிந்து திரும்பவும் எங்களிடம்தான் வருகிறார் என்றாள் நர்ஸ். வண்டியை நிறுத்த முடியாத வாடிக்கையாளர் அளவு கொடுக்காமலே போய்விடுகிறார் என்றார் டெய்லர். என் பேத்தி ஓடியாட இடமில்லாமல் கட்டில்மேல் குதித்து இரண்டு கட்டில் உடைந்துவிட்டது என்றார் மாமியார். தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனா வேகமாக ஓடியது.

பத்து நிமிடம். பதினொன்று. வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு.

நான்கு தலைகள் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தன. நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். நான்கு வாய்களிலிருந்தும் ஒரே குரலாக வந்தது:

"ஐ ஹேவ் சேஞ்ச்ட் மை மைண்ட்!"

வாத்தியாரின் நெற்றி கண்ணாடியில் 'டொக்' என்று இடித்தது.

"சிஸ்டர் சொன்னதுதான் சரி" என்றார் டிரைவர். "நோயாளிக்கு நிழல் வேண்டும். பூங்காதான்."

"இல்லை, டிரைவர் சொன்னதுதான் சரி" என்றாள் நர்ஸ். "ஆம்புலன்ஸ் போகத் தெரு வேண்டும். வண்டிகளுக்குத்தான் இடம்."

"கட்டிலை உடைக்கிற குழந்தையை யோசித்துப் பாருங்கள்" என்றார் டெய்லர்.

"அளவு கொடுக்காமல் போன வாடிக்கையாளரை நீங்கள் யோசித்தீர்களா?" என்று மாமியார் அவர்மேலேயே பாய்ந்தார்.

முன்னே இருந்த அதே இரண்டுக்கு இரண்டு. ஆள் மட்டும் இடம் மாறியிருந்தது.

"என்ன சார் இது? கண்ணாமூச்சியா?" என்றார் நிர்வாகி அம்மா.

"ஜன்னல் ஓரமா எட்டு கீபோர்டு போடலாம்" என்றார் மாஸ்டர், காகிதத்தைப் பார்த்தபடி.

வாத்தியார் நெற்றியைத் தடவிக்கொண்டார். எல்லாம் தன் கைவேலை. ஒருவரிடம் சொல்லிவிட்டு நின்றிருக்கலாம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று தானே தேடிப்போய், நான்கு கதவுகளையும் தட்டித் தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொண்டார். பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

மாமியார்தான் மெதுவாக ஆரம்பித்தார். "இந்த அறையைப் பாருங்கள். பகலில் கீபோர்டு. மாலையில் நாங்கள். ஒருவர்மேல் ஒருவர் என்றைக்காவது இடித்துக்கொண்டோமா?"

"அப்படியென்றால் பகலில் வண்டிகள்" என்றார் டிரைவர். "நாலு மணிக்கு எல்லா வண்டியும் வெளியே. அதன் பிறகு குழந்தைகள்."

"காலையில் வண்டிகள் வருவதற்கு முன்னால் நோயாளிகள் நடக்கலாம்" என்றாள் நர்ஸ்.

"துணிக்கு ஓரம் மடித்துத் தைப்பதுபோல நாலு பக்கமும் மரம் வைத்துவிட்டால் வண்டிக்கும் நிழல், நடக்கிறவர்களுக்கும் நிழல்" என்றார் டெய்லர். "ஒத்துக்கொள்கிறீர்களா?"

"ஐ அக்ரீ."

"ஐ அக்ரீ டூ."

"ஐ ஆல்ஸோ அக்ரீ."

மணி அடித்தது.

மாத ஆரம்பத்தில் வாத்தியார் கேட்டு நடுங்கிய அதே வார்த்தைகள்தான். இப்போது அவருக்கு அழுகை வந்தது.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "எல்லா ஊர்லயும் ஆளாளுக்கு அவங்க கருத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க" என்றார். "எதிராளி பேசினதை வரி விடாம கேட்டு, அவர் பக்கத்துக்கே போய், அவரைவிட நல்லா பேசறவங்களை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன். நாலு பேரும் பாஸ். முதல் வகுப்பு. இதை எப்படி சார் சொல்லிக்கொடுத்தீங்க?"

"அது... ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கவனிச்சேன்" என்றார் வாத்தியார். பொய் இல்லையே.

நிர்வாகி அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, அடுத்த குழுவுக்கு எப்போது சேர்க்கை என்று கேட்டார். கீபோர்டு மாஸ்டர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு மாதமாக வாத்தியாரின் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போய்விட்டது. காற்று இவ்வளவு சுலபமாக உள்ளே போய் வெளியே வரும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

உள்ளே போனார். "இனியாவது பழசையெல்லாம் மறந்துடுங்க" என்று கெஞ்சினார்.

டிரைவரும் டெய்லரும் ஒருவரையொருவர் வெகுநேரம் முறைத்தார்கள். பிறகு டிரைவர் கையை நீட்டினார். டெய்லர் அதைப் பிடித்துக் குலுக்கினார். நர்ஸ் மாமியாரின் தோளில் சாய்ந்துகொண்டாள். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எலியும் பூனையுமாக இருந்த நான்கு பேரை ஒரே மாதத்தில் சேர்த்துவைத்தோமே என்று அவருக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

நால்வரும் விடைபெற்றுப் போனார்கள். வாத்தியார் பலகையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தபோது, வாட்ச்மேன் சாவிக் கொத்தோடு தயாராக நின்றார்.

"இப்பவாவது சொல்லட்டுமா சார்?"

"சொல்லுங்க வாட்ச்மேன்! இன்னிக்கு எது வேணா சொல்லுங்க."

"இனிமே அவங்களைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க சார். உங்க ஸ்கூட்டர் முனை திரும்பினதும் நாலு பேரும் திரும்பி வந்துடறாங்க. ஒரு மணி நேரத்துக்கு ரூமைப் பூட்ட முடியல."

வாத்தியாருக்குப் புரியவில்லை. "எந்த நாலு பேரு?"

"இவங்கதான் சார். உங்க வேலை போயிடும்னு சொன்னீங்களே, அன்னிலேருந்து தினமும். அந்த மாமியாரம்மா எல்லாருக்கும் சிவப்பு மூடி டப்பால சாப்பாடு வேற கொண்டாருவாங்க. முந்தாநாள்தான் ரொம்ப நேரமாயிடுச்சு. நீங்க நாலு பேருக்கும் ஒரே வேலையைக் கொடுத்துட்டீங்களாம். சாருக்குக் கொடுத்த வாக்கை யார் மீறறதுன்னு ஒரே தர்க்கம். கடைசியில யாரும் மீற வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அவங்கதான் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதே இல்லையே!" வாத்தியாரின் குரல் கீச்சிட்டது. "தினமும் உக்காந்து அப்படி என்னதான் பேசுவாங்க?"

"நாளைக்கு யார் யாரோட எதுக்குச் சண்டை போடணும்னுதான் சார்; எல்லாம் இங்கிலீஷ்லதான், நாலு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் எந்திரிப்பாங்க."